தேவராஜன் போட்ட பட்டியல்

ரொமாரியோவை ஊரில் விட்டுவிட்டு உலகக் கோப்பைக்குப் போன பிரேசில் பயிற்சியாளரை நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. அந்த அணி கோப்பையை ஜெயித்தது என்பது வேறு விஷயம். ஜெயித்துவிட்டால் செய்ததெல்லாம் நியாயமாகிவிடுமா? யாருக்கு யாரைப் பிடிக்கவில்லை, உள்ளே என்ன நடந்தது என்று எவனுக்குத் தெரியும்? 2002 ஜூன் மாதம் முழுவதும் பலராமன் டீக்கடையில் நான் இதைத்தான் பேசிக்கொண்டிருந்தேன்.

கடை இருங்காட்டுக்கோட்டை சிப்காட் தொழிற்பேட்டை வாசலில் இருந்தது. சுற்றுவட்டாரத்தில் விளையாட்டுச் சேனல் தெரிந்த ஒரே டீவி அவரிடம்தான். கொரியாவிலும் ஜப்பானிலும் நடந்ததால் ஆட்டங்கள் பட்டப்பகலில் வந்தன. முதல் ஷிப்ட் இரண்டரைக்கு முடியும். யூனிபார்மைக்கூட மாற்றாமல் ஓடுவோம். நான், ஏசுவடியான், வேல்ராஜ் மூன்று பேரும் மண்ணூரில் ஒரே மாடி அறையில் இருந்தோம். கார் கதவுக்கு ரப்பர் பட்டை செய்யும் ஒரே கம்பெனியில் மூவரும் டிரெய்னி. நான் சங்கரன்கோவில் பக்கம், வேல்ராஜ் விளாத்திகுளம், ஏசுவடியான் நாசரேத்.

எனக்கு ஒரு பெருமை உண்டு. எந்த ஆட்டம், எந்த ஆண்டு, யார் யாருக்கு எத்தனை கோல் என்று கேட்டால் யோசிக்காமல் சொல்வேன். எனக்கு ஒரு குணமும் உண்டு. எந்த அணியின் பட்டியலைப் பார்த்தாலும், இருக்கிற பெயரைவிட இல்லாத பெயர்தான் முதலில் கண்ணில் படும். அது ஏன் இல்லை என்று கிளற ஆரம்பித்தால் எனக்குச் சோறு இறங்காது. பூசான் ஆசிய விளையாட்டுக்கு இந்திய அணிப் பட்டியல் பேப்பரில் வந்த அன்று, கிரிக்கெட் செய்திக்குக் கீழே கட்டைவிரல் அளவுக்குப் போட்டிருந்ததை வெட்டி எடுத்து, எந்த மாநிலத்துக்கு எத்தனை பேர் என்று பென்சிலால் குறித்தேன்.

"கோச்சுக்குத் தெரியாதது ஒனக்குத் தெரிஞ்சிருச்சாக்கும்?" என்றான் வேல்ராஜ். எதிர்ப்பேச்சுப் பேசுவதற்கென்றே பிறந்தவன் அவன்.

"நெருப்பில்லாம பொகையுமாலே? இருபத்திமூணு வயசுக்குக் கீழ உள்ளவன்தான் ஆடணுமாம், மூணு பேருக்கு மட்டும் வயசு கூட இருக்கலாமாம். இதுல எந்த நாட்டுக்காரன் உண்மையான வயசு சொல்லுதான்? மூஞ்சியப் பாத்தா பேரன் எடுத்தவன் கணக்கா இருக்கானுவ. சர்டிபிகேட்டப் பாத்தா பால்குடி."

ஏசுவடியான் சிரித்துக்கொண்டே சோற்றைக் கிளறினான். இந்த மாதிரிப் பேச்சில் அவன் அதிகம் கலந்துகொள்ள மாட்டான். ஒரே ஒருமுறை, ஆகஸ்ட் கடைசியில் ரொனால்டோ இத்தாலி கிளப்பை விட்டு மாட்ரிட் போகிறான் என்று செய்தி வந்தபோது மட்டும் வாயைத் திறந்தான்.

"முட்டி போயி வருசக்கணக்கா கெடந்தப்ப வச்சுக் காப்பாத்துனது அவங்கதானே? கோப்பைய ஜெயிச்சதும் இன்னொருத்தன்கூடப் போயிட்டானே. இது சரியில்லலே."

"போறது அவன் இஷ்டமாலே? நடுவுல எவன் எவன் என்னென்ன பேசுனானோ," என்றேன் நான்.

பேச்சில் எப்படியோ, ஆட்டத்தில் ஏசுவடியானுக்கு இணை அந்தப் பேட்டையிலேயே கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மண்ணூர் ஏரிக்குப் பக்கத்தில் ஆடுவோம். கடைக்காரர் பேசிக்கொண்டே மீதிச் சில்லறையை எடுத்துக் கொடுப்பதுபோல, பார்க்காமலே இடது காலால் பந்தைக் கொடுப்பான். அது வரவேண்டிய இடத்துக்கு வந்துவிடும். கம்பெனி அணிக்குப் பொறுப்பாக இருந்த டைம் ஆபீஸ் தேவராஜன் சாரே அதைப் பார்க்கச் சில ஞாயிறுகளில் டிவிஎஸ் ஃபிப்டியை ஓரமாக நிறுத்திவிட்டு நிற்பார். அவர் ஸ்ரீபெரும்புதூர்க்காரர். வருகைப் பதிவு, லீவு, இ.எஸ்.ஐ. அட்டை எல்லாம் அவர் கையில்.

ஒரு ஞாயிறு, ஆட்டம் முடிந்து ஏரிக்கரையில் உட்கார்ந்திருந்தபோது, எங்கே கற்றுக்கொண்டாய் என்று ஏசுவடியானைக் கேட்டேன். மாவட்டப் பள்ளிகள் இறுதி ஆட்டத்தில் ஆடியதைச் சொன்னான். தொண்ணூற்றொன்றாம் வருடம். மூன்றுக்கு இரண்டு. அதில் இரண்டு கோல் அவனுடையது, கடைசிக் கோல் தலையால் முட்டியது. சொல்லிவிட்டு ஏனோ சட்டென்று எழுந்து போய்விட்டான். நான் வருடத்தையும் கோலையும் வழக்கம்போல மனதில் எழுதிக்கொண்டேன். ஊரில் இருக்கிறவனுக்கெல்லாம் வயதுக் கணக்குப் போட்டவன், அன்று போடவில்லை.

அக்டோபர் ஒன்றாம் தேதி எங்கள் செட்டில் சிலருக்கு பெர்மனன்ட் ஆர்டர் வரும் என்று பேச்சு இருந்தது. கம்பெனி அணியில் ஆடுகிறவனைக் கை விட மாட்டார்கள் என்று எல்லோரும் நம்பினோம். ஏசுவடியானுக்கு அந்த ஆர்டர் உயிர் மாதிரி. நாசரேத்தில் ஞானம்மா என்ற பெண்ணைப் பேசி வைத்திருந்தார்கள். ஆர்டர் வந்தால் தை மாதம் கல்யாணம், வராவிட்டால் வேறு இடம் பார்ப்போம் என்று பெண் வீட்டில் தெளிவாகச் சொல்லிவிட்டார்கள். அவனே இதை இரண்டு மூன்று முறை என்னிடம் சொல்லிக் கலங்கியிருக்கிறான்.

செப்டம்பர் இரண்டாவது வாரம், சிப்காட் கம்பெனிகளுக்கான கோப்பைக்கு எங்கள் அணிப் பட்டியலை நோட்டீஸ் போர்டில் ஒட்டினார்கள். பதினாறு பெயர். ஏசுவடியான் பெயர் இல்லை. அவன் ஆடவேண்டிய இடது பக்கத்துக்கு உதயசூரியன் என்று போட்டிருந்தது. பேக்கிங்கில் வேலை பார்க்கும் உதயசூரியன், தேவராஜன் மனைவியின் தம்பி. பந்து காலுக்கு வந்தால் எந்தப் பக்கம் போவது என்று வழி கேட்கிற ஆள்.

எனக்கு ரத்தம் கொதித்தது. நேராக டைம் ஆபீஸுக்குப் போனேன்.

"சார், ஏசுவடியான் பேரக் காணுமே?"

தேவராஜன் ரிஜிஸ்டரிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "லிஸ்ட் போட்டாச்சுபா. பதினாறு பேருக்கு மேல போட முடியாது."

"உதயசூரியனுக்கு எடம் இருக்கு, இவனுக்கு இல்லியா?"

இப்போது நிமிர்ந்தார். "இன்னா, மச்சான்னு கேக்கிறியா? ஆமா, மச்சான்தான். இன்னா இப்போ? போய் லைன்ல நில்லு, சூப்பர்வைசர் தேடிக்கினு இருப்பாரு."

குற்றம் செய்தவன் எரிந்து விழுவான் என்பது என் அனுபவம். மடியில் கனமில்லாவிட்டால் வழியில் ஏன் பயப்பட வேண்டும்? அன்று சாயங்காலமே ஏசுவடியானைப் பிடித்துக்கொண்டேன். அவனோ, "விடுலே பேச்சி, எனக்கு முட்டி வலி," என்றான். போன ஞாயிறு மூன்று கோல் போட்டவனுக்கு முட்டி வலி! அவனை யாரோ மிரட்டியிருக்கிறார்கள் என்று எனக்குப் பட்டது.

மறுநாள் அது உறுதியாகிவிட்டது. சாப்பாட்டு நேரத்தில் சைக்கிள் ஸ்டாண்டுக்குப் பின்னால் தேவராஜனும் ஏசுவடியானும் நின்றிருந்தார்கள். தேவராஜன் அவன் தோளில் கை வைத்துக் குனிந்து ஏதோ சொல்ல, இவன் தலையை ஆட்டிக்கொண்டிருந்தான். என்னைப் பார்த்ததும் இருவரும் பேச்சை நிறுத்தினார்கள். தேவராஜன் இல்லாத சிகரெட்டைப் பாக்கெட்டில் தேடினார்.

"என்னலே சொன்னாரு?" என்று கேட்டேன்.

"ஒண்ணுமில்ல. லீவு விசயம்."

"அந்தாள நம்பாதலே," என்றேன். அதற்குப் பிறகும் தினமும் அதையேதான் அவனிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

அறைக்கு வந்து வேல்ராஜிடம் என் முடிவைச் சொன்னேன். கோப்பை சமயத்தில் அந்தப் பேட்டையில் ஒரு வழக்கம் உண்டு. ஆள் குறைந்த கம்பெனிகள் நல்ல ஆட்டக்காரனைக் கான்ட்ராக்ட் ஆள் என்று ஒரு மாதத்துக்குச் சேர்த்து, இ.எஸ்.ஐ. அட்டை போட்டு ஆடவிடுவார்கள். கோப்பை முடிந்ததும் கும்பிடு போட்டு அனுப்பிவிடுவார்கள். எதிர் கம்பெனிக்கு இடது கால்காரன் ஒருவன் தேவைப்படுகிறது என்று டீக்கடையில் பேச்சு அடிபட்டது. தேவராஜன் இவனை நம் பட்டியலிலிருந்து கழற்றி அங்கே தள்ளிவிடப் பார்க்கிறார். மச்சானுக்கு இடமும் ஆச்சு, அவர்களிடம் நல்ல பேரும் ஆச்சு. ஏசுவடியான் இங்கே இரண்டு வருட சர்வீஸைத் தொலைத்துவிட்டு, ஒரு மாதத்தில் நடுத்தெருவில் நிற்பான்.

"காமாலக் கண்ணுக்குக் கண்டதெல்லாம் மஞ்சள்," என்றான் வேல்ராஜ். "அவனே சும்மா இருக்கான். ஒனக்கு என்னடா?"

"அவன் வாயில்லாப் பூச்சி. அவனுக்கும் சேத்து நாமதான் பேசணும்." நான் இதை உண்மையாகவே நம்பித்தான் சொன்னேன்.

சனிக்கிழமை ஸ்ரீபெரும்புதூர் போய், கோடு போட்ட தாள் வாங்கி, தபால் ஆபீஸ் மேஜையிலேயே இடது கையால் எழுதினேன். மொட்டைக் கடுதாசிக்கு அதுதானே முறை. ஹெச்.ஆர். மேலாளர் அவர்களுக்கு, கம்பெனியின் நலம் விரும்பி எழுதுவது. டைம் ஆபீஸ் தேவராஜன் தன் மச்சானுக்காகத் திறமைசாலியான ஏசுவடியானை ஒதுக்கிவிட்டார். சந்தேகமிருந்தால் ஏசுவடியானின் ஃபைலை வரவழைத்துப் பாருங்கள். தொண்ணூற்றொன்றாம் வருடம் மாவட்டப் பள்ளிகள் இறுதி ஆட்டத்தில் மூன்றுக்கு இரண்டு என்று ஜெயித்த அணியில் இரண்டு கோல் போட்டவர் அவர்.

கடைசி வரியை எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. ஆதாரமில்லாமல் குற்றம் சொல்கிறவன் நானில்லை என்று காட்டிவிட்டேன் அல்லவா.

புதன்கிழமை காலை லைனிலிருந்து ஏசுவடியானைக் கூப்பிட்டார்கள். வேலை செய்ததடா கடுதாசி என்று ரப்பர் பட்டையை வெட்டிக்கொண்டே உள்ளுக்குள் குதித்தேன். அவன் திரும்பி லைனுக்கு வரவில்லை. ஷிப்ட் முடிந்து அறைக்குப் போனபோது டிரங்குப் பெட்டி திறந்து கிடந்தது. அவன் துணிகளை மடித்துக்கொண்டிருந்தான். வேல்ராஜ் இரண்டாம் ஷிப்டுக்குப் போயிருந்தான்.

"வேல போயிட்டு பேச்சி," என்றான்.

எனக்கு ஒன்றும் புரியவில்லை. "எந்தக் கம்பெனிக்குத் தள்ளிவிட்டானுவ?"

"ஒரு கம்பெனியும் இல்ல." மடித்த சட்டையைக் கையிலேயே வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தான். "என் பேரு ஏசுவடியான் இல்லலே. ஏசுவடியான் என் தம்பி. ஐ.டி.ஐ. படிச்சவன் அவன்தான். படிச்சு முடிச்சதும் பம்பாய்க்குப் பலசரக்குக் கடைக்குப் போயிட்டான். சர்டிபிகேட் பெட்டியில சும்மாக் கெடந்துச்சு. இங்க ஆள் எடுக்கும்போது இருபத்தொரு வயசுக்கு மேல வேண்டாம்னுட்டாவ. எனக்கு அப்பமே இருபத்தாறு. என் பேரு ஞானசிகாமணி."

ஊரெல்லாம் சர்டிபிகேட் வயதைக் கிண்டல் செய்த நான், இரண்டு வருடம் பாய்க்குப் பக்கத்துப் பாயில் தூங்கியவனைக் கண்டுபிடிக்கவில்லை. என்னைவிட ஆறு வயது மூத்தவனை வாய்க்கு வாய் 'லே' போட்டுக் கூப்பிட்டிருக்கிறேன்.

"எப்படிக் கண்டுபிடிச்சாவ... அண்ணே?" என் குரல் எனக்கே வேறு மாதிரி கேட்டது.

"புகார் வந்திருக்குன்னாவ. அந்த பைனல் விசயமும் அதுல இருக்காம். ஃபைல வச்சிக்கிட்டு, தொண்ணூத்தொண்ணுல எந்த கிளாஸ் படிச்சேன்னு அந்த மேனேஜர் கேட்டாரு. ஆறுன்னு சொல்லிருந்தா தப்பிச்சிருப்பேன். நெனக்காம கொள்ளாம பிளஸ் டூன்னு வாயில வந்துட்டு. அப்புறம் தம்பி சர்டிபிகேட்ல உள்ள அங்க அடையாளத்தப் பாத்தாவ. வலது முழங்கையில மச்சம். எனக்கு ஏது மச்சம்?"

நான் சுவரோடு சாய்ந்து உட்கார்ந்துவிட்டேன்.

"இ.எஸ்.ஐ. அட்ட போடும்போதே தேவராஜன் எனக்கு அந்த மச்சம் இல்லன்னு கண்டுபிடிச்சிட்டாரு," என்று அவன் தொடர்ந்தான். "யார்ட்டயும் சொல்ல மாட்டேன், பொழச்சுப் போன்னாரு. டீம்ல போட்டா போட்டோ, சர்டிபிகேட் எல்லாத்தையும் போட்டி நடத்துறவங்களுக்கு அனுப்பணும், ஒங்க ஊர்ப் பக்கத்து ஆள் எவனாவது பாத்தா மாட்டிக்குவ, ஆர்டர் வர்ற வரைக்கும் ஆடாதன்னு அவரேதான் பேர எடுத்தாரு. நல்ல மனுசன்னு நம்புனேன். அந்த பைனல் கதையும் அவருக்குத் தெரியும். கடைசியில அவரே காட்டிக் குடுத்துட்டாரே பேச்சி. அவரத் தவிர வேற யாருக்குத் தெரியும்?"

எனக்குத் தெரியும். ஏரிக்கரையில் எனக்கும்தானே சொன்னான். அது அவனுக்கு நினைவில்லாமல் இல்லை. என்மேல் சந்தேகப்பட அவனுக்குத் தோன்றவே இல்லை. தேவராஜன்மேல் சந்தேகப்பட மட்டும் ஒரு வாரமாக நான் பாடம் நடத்தியிருந்தேன்.

மூன்றரை மணிக்குக் கீழே டிவிஎஸ் ஃபிப்டி சத்தம் கேட்டது. தேவராஜன் படியேறி வந்து வாசலிலேயே நின்றார். அவருக்கும் மெமோ கொடுத்திருந்தார்கள் என்று பிற்பாடுதான் தெரிந்தது.

"போலீஸ் கம்ப்ளெய்ன்ட் வாணாம்னு மேனேஜர் கால்ல விழாத கொறையா சொல்லிட்டு வந்துகிறேன்," என்றார். "ரிசைன் பண்ண மாதிரி எழுதிக்கினாங்க. ஒரகடம் பக்கத்துல ஒரு பேக்கிங் யூனிட் கீது. ஓனர் நம்ம தோஸ்து. உன் சொந்தப் பேர்லயே சேத்துக்குவான். பெர்மனன்ட்லாம் அப்புறம் பாத்துக்கலாம். நாளைக்கே வா, இட்டுக்கினு போறேன்."

ஏசுவடியான் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவனை ஏசுவடியான் என்றே சொல்லிப் பழகிவிட்டது. "காட்டியும் குடுத்துட்டு, கூட்டியும் போறீரா? ஒம்ம சங்காத்தமே வேண்டாம். எறங்கிப் போயிரும்."

தேவராஜன் முகம் சுருங்கிப் போனது. அவர் அவனைப் பார்த்துவிட்டு, பிறகு என்னைப் பார்த்தார். படியிறங்கினார். என் கால்கள் தாமாக அவர் பின்னால் போயின.

வண்டியின் பெடலை மிதிக்கப் போனவர் நிறுத்தினார். "லெட்டர என்கிட்ட காட்டினாங்க. தொண்ணூத்தொண்ணு, மூணுக்கு ரெண்டு. இந்த சிப்காட்ல வருசத்தையும் கோலையும் சேத்து எழுதறவன் எத்தினி பேரு கீறான்?"

நான் வண்டியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டேன்.

"நான் சொன்னா நம்ப மாட்டான். நீயே சொல்லிடு. சொன்னாதான் நாளைக்கு என்கூட வருவான். அந்தப் பொண்ணு வூட்டுக்காவது ஒரு பதில் சொல்லலாம்." வண்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார். திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

பெட்டியைத் தூக்கிக்கொண்டு நெடுஞ்சாலைக்கு வந்தோம். பூந்தமல்லி போய், அங்கிருந்து எழும்பூர் போய், ஊருக்கு ரயிலேறுவதாகத் திட்டம். பஸ் வர நாற்பது நிமிடம் ஆனது. சொல்ல நேரம் இல்லை என்று நான் யாரிடமும் சாதிக்க முடியாது.

"அண்ணே," என்றேன்.

"என்னலே?"

டீ குடிக்கிறீர்களா என்று கேட்டேன். வேண்டாம் என்றான். கொஞ்ச நேரம் கழித்து மறுபடியும் "அண்ணே" என்றேன். ரயிலில் இடம் கிடைக்குமா என்று கேட்டேன். லாரிகள் புழுதியை வாரி இறைத்துக்கொண்டு போயின. சொன்னால் நாளைக்கு அவனுக்கு ஒரகடத்தில் வேலை. சொல்லாவிட்டால் நான் நல்லவன். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்துக்கொண்டே நின்றேன். என்மேல் எனக்கு அப்படி ஒரு அருவருப்பு அதற்கு முன்னால் வந்ததில்லை.

"ஞானம்மா வீட்டுல என்ன சொல்லுவீங்க?" என்று கேட்டேன்.

"என்னத்தச் சொல்ல? அவங்க வேற எடம் பாப்பாங்க." கண்ணைத் துடைக்காமலே பேசினான். தூரத்தில் பஸ் தெரிந்தது. அவன் பெட்டியை ஒரு கையில் எடுத்துக்கொண்டு இன்னொரு கையால் என் தோளை அழுத்தினான்.

"நீ மொதல்லயே சொன்ன பேச்சி, அந்தாள நம்பாதன்னு. நாந்தான் கேக்கல. நீ சந்தேகப்பட்டது சரியாத்தான் இருந்துச்சு, என்னலே?"

என் ஆயுசில் நான் சந்தேகப்பட்டது சரி என்று ஒருவர் மனதார ஒப்புக்கொண்டது அந்த ஒரு தடவைதான். நான் ஆமாம் என்று தலையாட்டினேன்.